ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர்கள்

2022 ஆகஸ்ட் மாதம். டோம்பிவிலியில் மழை விட்டபாடில்லை. என் தாயாருக்கு அப்போது வயது 86. நாலு நாள் இருமலும் ஜுரமுமாக இருந்தவருக்கு ஐந்தாம் நாள் காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரிக்ஷாவை விட்டு இறங்கி, என் தோளைப் பற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நாலு படி ஏறி, அம்மா தாமே நடந்துதான் உள்ளே போனார். "செருப்ப எங்கலே விட?" என்று வாசலில் நின்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பதினோரு நாள் கழித்து, நிமோனியா குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் சளி இல்லை, ஜுரம் இல்லை, ஆக்ஸிஜன் அளவு திருப்தி. ஆனால் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆம்புலன்ஸில்தான் கொண்டுவந்தோம். கட்டிலில் எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஜுரம் வருவதற்கு முந்தின வாரம் வரை காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு, லிஃப்டில் இறங்கிப் பால் பாக்கெட் வாங்கி வந்துகொண்டிருந்தவர் அவர்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "வயசாச்சில்ல சார், இந்த வயசுல ஒரு தடவை படுத்தா அவ்வளவுதான்." நானும் அடுத்து வருகிறவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் போயிற்று. நம் சங்க விழாக்களுக்கு வந்துபோகும் டாக்டர் நண்பர் ஒருவர் அம்மாவைப் பார்க்க வந்தார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "நிமோனியா வந்தது நுரையீரலுக்குத்தானே? காலுக்கு என்ன வந்தது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "பதினோரு நாளில் எத்தனை தடவை தரையில் கால் வைத்தார்?" என்றார் அடுத்தபடியாக. யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

அவர் படிக்கக் கொடுத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத இடங்களில் அவரையே தொல்லை செய்தேன். நான் டாக்டர் அல்லன். டிப்ளமா முடித்துவிட்டு, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ரயில் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியவன். ஆனாலும் படித்தவுடன் விஷயம் பிடிபட்டுவிட்டது. காரணம், இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம்.

ரயில்வேயில் பழுதான வண்டிக்கு 'சிக்' என்றே பெயர். சீட்டு எழுதி ஒட்டி 'சிக் லைன்' என்கிற தனித் தண்டவாளத்தில் தள்ளிவிடுவோம். சரிபார்த்து 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அது மறுபடி ஓடும். ஒரு சக்கரத்துக்காக உள்ளே வந்த பெட்டி, மாற்றுச் சாமான் வராமல் மாதக்கணக்கில் நின்றுபோனால் என்ன ஆகும்? சக்கரத்தை மாற்றினாலும் அது உடனே கிளம்பாது. பேட்டரி இறங்கியிருக்கும். பிரேக் குழாயின் ரப்பர் விறைத்து வெடிப்பு விட்டிருக்கும். அடித்தட்டில் துரு ஏறியிருக்கும். வரும்போது இருந்த கோளாறு ஒன்று. நின்றதனால் வந்த கோளாறு ஒன்பது. நிற்கிற வண்டியை இடையிடையே கொஞ்சம் நகர்த்தி வையுங்கள் என்று ஆட்களிடம் கத்தாத நாள் கிடையாது. அப்படிப்பட்ட நான்தான் பெற்ற தாயைப் பதினோரு நாள் ஒரே இடத்தில் நிறுத்திவைத்தேன். "எந்திரிக்காதீங்கம்மா, ரெஸ்ட் எடுங்க" என்று சொன்னதும் நான்தான். பெட் பேன் வைக்க ஒரு ஆயாவைத் தனியாகச் சம்பளம் பேசி அமர்த்தியதும் நான்தான். மகன் கடமையைச் சரியாகச் செய்வதாக எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

மருத்துவ உலகத்துக்கும் இது புதிய செய்தி அல்ல. லண்டனில் ரிச்சர்ட் ஆஷர் என்ற டாக்டர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றி 1947ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ரத்தக் குழாயில் கட்டி, படுக்கைப் புண், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து வெளியேறுவது, சிறுநீர் தேங்குவது, மலச்சிக்கல், மனச்சோர்வு என்று ஒவ்வொரு உறுப்பாக எடுத்துக்கொண்டு, கட்டில் என்ன கெடுதல் செய்கிறது என்று நையாண்டியோடு சொல்கிறார். அவருக்கும் பன்னிரண்டு வருஷம் முன்பு, 1935இல், அதே லண்டன் பக்கம் வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம், ஏழைகள் விடுதியோடு சேர்ந்திருந்த பெரிய வார்டு ஒன்று ஒப்படைக்கப்பட்டது. குணமாகாதவர்கள் என்று முத்திரை குத்தி வருஷக்கணக்கில் படுக்க வைத்திருந்த முதியவர்கள் 700 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்று ஒரு தனித் துறை பிறந்ததே அங்கேதான் என்கிறார்கள்.

பிறகு வந்தவர்கள் இதை அளந்து காட்டினார்கள். எனக்கு அளவு இருந்தால்தான் நம்பிக்கை வரும்; தொழில் புத்தி. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஒரு சோதனையில், எந்த நோயும் இல்லாத பன்னிரண்டு முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 67. அதாவது இன்றைக்கு என் வயது. பத்தே நாளில் கால்களின் சதை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்துவிட்டது. முழங்காலை நீட்டும் பலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. இவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, ஜுரமில்லாமல் படுத்திருந்தவர்கள். நிமோனியாவோடு, வாய் கசந்து, சோறு இறங்காமல் கிடக்கிற 86 வயதுக்காரிக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறில் ஒரு பங்குதானே என்று தோன்றும். இங்கேதான் எஞ்சினியர்கள் சொல்லும் 'ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி' வருகிறது. ஒரு பாலம் பத்து டன் தாங்கினால் போதும் என்றால், முப்பது டன் தாங்கும்படி கட்டுவோம். முப்பது வயதுக்காரர் கால் அப்படிப்பட்டது. நாற்காலியிலிருந்து எழத் தேவையான பலத்தைப் போல் சில மடங்கு கையிருப்பு இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும் அவருக்கே தெரியாது. 86 வயதில் அந்தக் கையிருப்பு எல்லாம் கரைந்து, தேவைக்கும் இருப்புக்கும் இடையில் நூலிழைதான் மீதி. அதில் ஆறில் ஒரு பங்கு போனால் நாற்காலியிலிருந்து எழ முடியாது. எழ முடியாவிட்டால் கக்கூஸ் போக முடியாது. அதோடு வாழ்க்கையே மாறிவிடுகிறது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. நாள் கணக்கில் படுத்தே இருந்தால் ரத்தத்தின் நீர் அளவு குறைந்துபோகும். திடீரென்று எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். தலை சுற்றினால் விழுவார். விழுவார் என்று பயந்து மறுபடி படுக்கவைப்போம்.

2009இல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்ட 45 முன்னாள் ராணுவத்தினரின் உடம்பில் அசைவை அளக்கும் சிறு கருவிகளைக் கட்டிவிட்டார்கள். நேரத்தில் 83 சதவீதம் அவர்கள் படுத்தே இருந்தார்கள். நின்றதும் நடந்ததும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 43 நிமிஷம். முன்பு நடந்துகொண்டிருந்தவர்கள்தான் அவர்களும். யாரும் வேண்டுமென்று அவர்களைக் கிடத்திவைக்கவில்லை. எழுப்புவது யாருடைய வேலை என்று தீர்மானமாகாத வேலையை ஒருவரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

2003இல் ஓஹையோ மாநில ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த, 70 வயதைத் தாண்டிய 2,293 நோயாளிகளைப் பற்றிய கணக்கு வெளியானது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கக்கூஸ் போவது ஆகிய ஐந்தையும் தாமே செய்துகொள்கிறார்களா என்று பார்த்தார்கள். நோய்க்கு முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால், வீடு திரும்பும்போது நூற்றுக்கு 35 பேர் ஏதாவது ஒன்றையாவது இழந்திருந்தார்கள். 70 முதல் 74 வயது வரை நூற்றுக்கு 23. 90க்கு மேல் நூற்றுக்கு 63. இதில் ஒரு பகுதி நோயினாலேயே, ஆஸ்பத்திரிக்கு வருமுன் வீட்டிலேயே போனது என்பதையும் சொல்ல வேண்டும். பழியை முழுக்கக் கட்டில் மேல் போட முடியாது. ஆனால் நோய் இறங்கின பிறகும் உள்ளே இருந்தபடியே சக்தி இழந்தவர்கள் பலர்.

இனி, எழுதத் தயக்கமாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன்.

மூன்றாவது நாள் ராத்திரி அம்மாவுக்கு நினைவு தடுமாறிவிட்டது. கோவில்பட்டிப் பக்கத்து எங்கள் ஊர் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டார். "கன்னுக்குட்டிய அவுத்து விடணும், கதவத் தெறங்க" என்று கூப்பாடு போட்டார். கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்பைப் பிடுங்கினார். வார்டு மாவ்ஷி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஜி, காடூ நகா! காடூ நகா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். 'பாட்டி, எடுக்காதீங்க' என்று பொருள். அம்மாவுக்கு மராத்தி தெரியாது. 'காட்டு, நகை' என்று காதில் விழுந்திருக்கிறது! களவாணிகள் நகையைக் கேட்கிறார்கள் என்று தோட்டையும் மூக்குத்தியையும் பொத்திக்கொண்டு அலறியிருக்கிறார். கடைசியில் இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். தூக்கத்துக்கு ஊசி போட்டார்கள். காலையில் நான் போனபோது என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க யாரு?" என்று கேட்டார்.

மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. தொலைந்துவிடும் என்று நான்தான் எடுத்துப் போயிருந்தேன். காது மிஷின் மேஜை டிராயரில் கிடந்தது. பல் செட் ஒரு டப்பாவில். ஜன்னல் இல்லாத அறை. ராத்திரி முழுக்க ட்யூப் லைட். அந்த மாவ்ஷியையோ நர்ஸையோ நான் குறை சொல்லவில்லை. முப்பது நோயாளிக்கு இரண்டு பேர் என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? பகல் ஷிஃப்டில் கேரளத்து நர்ஸ் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக "அம்மாச்சி, கஞ்சி குடிச்சோ?" என்று கேட்கும்போது மட்டும் அம்மா அடங்கி இருந்தார். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

புத்தி பேதலித்துவிட்டது, மறதி நோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டோம். டாக்டர் நண்பர்தான் விளக்கினார். மறதி நோய் வருஷக்கணக்கில் மெள்ள மெள்ள வருவது. ஓரிரு நாளில் திடீரென்று வந்து, காலையில் தெளிவும் ராத்திரி குழப்பமுமாக ஏறி இறங்குவதற்கு 'டெலிரியம்' என்று பெயர். தமிழில் சித்தப்பிரமை, ஜன்னி என்றெல்லாம் நம் பாட்டிமார் சொன்னது பெரும்பாலும் இதைத்தான் இருக்கும். எல்லோரும் கூச்சல் போடுவார்கள் என்றும் இல்லை. சிலர் சத்தமே இல்லாமல், எப்போதும் அரைத் தூக்கத்தில் சுருண்டு கிடப்பார்கள். "தொந்தரவு பண்ணாத நல்ல பேஷண்ட்" என்று அவர்களை யாரும் கவனிப்பதில்லை. அதுதான் கூடுதல் ஆபத்து.

இந்த விஷயத்தில் பெரிய வேலை செய்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஷாரன் இனூயே என்ற டாக்டர். ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு டெலிரியத்தைக் கிளப்பிவிடும் ஐந்து காரணங்களை 1996இல் அவர் எடுத்துச் சொன்னார். கட்டிவைப்பது. சத்துக் குறைவு. மூன்றுக்கு மேல் புதிய மருந்துகளைச் சேர்ப்பது. சிறுநீர்க் குழாய் போடுவது. சிகிச்சையினாலேயே வரும் வேறு ஏதாவது கோளாறு. இதைப் படித்தபோது பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். அம்மாவுக்கு முதல் நான்கும் இருந்தன.

மூன்று வருஷம் கழித்து, 1999இல், அவரே பரிகாரத்தையும் சொன்னார். யேல் ஆஸ்பத்திரியில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு வழக்கமான கவனிப்போடு சில்லறை வேலைகள் சில. எதைச் செய்தார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். கண்ணாடியை மாட்டிவிடுவது. காதில் அழுக்கு எடுத்து மிஷினை வைப்பது. அன்றைய தேதியையும், கவனித்துக்கொள்பவர்களின் பெயரையும் பலகையில் எழுதிவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது. நாளுக்கு மூன்று வேளை நடக்கவைப்பது, முடியாவிட்டால் கை காலையாவது அசைக்கவைப்பது. தண்ணீர் குடிக்கச் சொல்லி நினைவூட்டுவது. ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடாகப் பாலோ மூலிகைத் தேநீரோ கொடுத்து, மெல்லிசை போட்டு, முதுகைத் தடவிவிடுவது. இவ்வளவுதான். வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 15 பேருக்கு டெலிரியம் வந்தது, இவர்களில் 9.9 பேருக்குத்தான் வந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைவு. இத்தனைக்கும் புது மருந்து ஒன்றுகூட இல்லை. ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பயன்படவில்லை என்பதையும் அவரே சொல்கிறார். வருமுன் காப்பதுதான் வழி.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறொரு வரியைப் படித்தபோது. இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் நர்ஸுகள் அல்லர். பயிற்சி கொடுக்கப்பட்ட தொண்டர்கள். சாதாரண ஆட்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது என்றால், நம் பெரியவர்களுக்கு எந்தப் பாஷையில்? மும்பையில் நாற்பது வருஷம் குப்பை கொட்டிய நமக்கு மராத்தியும் இந்தியும் சரளம். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு எழுபதாவது வயதில் நம்மோடு வந்து சேர்ந்த அம்மா அப்பாவுக்கு? காய்கறிக்காரனிடம் விரல் காட்டிச் சமாளிப்பார்கள். ஜுரத்தில், கண்ணாடி இல்லாமல், காது கேளாமல், நடுராத்திரி விழித்துப் பார்க்கும்போது அந்த விரலும் உதவாது. எந்த ஊர், எந்த இடம் என்று பிடித்துக்கொள்ள ஒரு தமிழ்ச் சொல் கிடைத்தால் அவர்கள் கரையேறிவிடுவார்கள். யேல் ஆஸ்பத்திரியில் தேதி எழுதிய பலகை செய்த வேலையை இங்கே தமிழ் பேசுகிற ஒரு மனிதர்தான் செய்ய முடியும்.

ஆஸ்பத்திரிகளே மாற முடியுமா என்றால், முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். கிளீவ்லாந்தில் 1995இல் 651 பேரை வைத்து ஒரு ஒப்பீடு செய்தார்கள். முதியோருக்கென்றே தரை விரிப்பு, கைப்பிடி, பெரிய கடிகாரம் வைத்து ஒரு வார்டை மாற்றி அமைத்து, 'இவர் எப்படி வீட்டுக்கு நடந்து போவார்' என்பதைத் தினமும் டாக்டரும் நர்ஸும் சேர்ந்து பேசும்படி செய்தார்கள். வீடு திரும்ப முடியாமல் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குப் போனவர்கள் சாதாரண வார்டில் நூற்றுக்கு 22, அந்த வார்டில் 14. ஸ்பெயின் நாட்டுப் பம்ப்ளோனாவில் 2019இல் வெளியான ஆராய்ச்சி இன்னும் துணிச்சலானது. 370 நோயாளிகள், சராசரி வயது 87. அவர்களில் பாதிப் பேருக்குத் தினம் இரண்டு வேளை, வேளைக்கு இருபது நிமிஷம், ஆள் துணையோடு உடற்பயிற்சி. மிஷினில் காலால் பளு தள்ளுவதுகூட உண்டு! வழக்கம்போல் இருந்தவர்கள் போகும்போது வந்ததைவிடத் தளர்ந்திருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் வந்ததைவிடக் கொஞ்சம் தேறியே போனார்கள்.

நம் பக்கமும் சும்மா இல்லை. முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவில் கதவைத் திறந்தது நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனைதான். டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் அங்கே அதற்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1996இல் இத்துறைக்கு எம்.டி. படிப்பும் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆரம்பமாயிற்று. 2024இல் கிண்டியில் முதியோருக்கென்று தேசிய மையமே வந்திருக்கிறது. நாம் இருக்கிற இடத்துக்கு இதெல்லாம் எப்போது வந்து சேருமோ. அதுவரை நம் பெரியவர்கள் சாதாரண வார்டுகளில்தான் படுத்தாக வேண்டும்.

அம்மா கதைக்குத் திரும்புகிறேன். பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து, ஐந்து மாதம் விடாமல் பழக்கி, வாக்கர் பிடித்து நடக்கும்வரை கொண்டுவந்துவிட்டாள். பழைய நடை வரவில்லை. கோலம் போன இடத்தில் இப்போது ஸ்டிக்கர்தான்.

2024 ஜனவரியில் சிறுநீரில் தொற்று வந்து ஜுரம் ஏறி, மறுபடி ஆஸ்பத்திரி. இந்த முறை நான் தயாராகப் போனேன். கண்ணாடி, காது மிஷின், பல் செட் மூன்றும் முதல் நாளே பைக்குள். ஊரிலிருந்து வந்த தமிழ் தினசரிக் காலண்டரைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். தினமும் காலையில் அம்மா கையாலேயே தாளைக் கிழிக்கச் சொன்னோம். ராகு காலம், எமகண்டம் எல்லாம் வாசித்துச் சொல்வார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மூன்று கேள்விகளை மட்டும் தினமும் கேட்டேன். இன்றைக்கு எழுந்து நடக்கலாமா? இந்த சிறுநீர்க் குழாய் இன்றைக்கும் தேவையா? புதிதாகச் சேர்த்த மாத்திரையில் மூளையை மந்தமாக்குவது ஏதாவது உண்டா? தூக்க மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் சில அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களைக் குழப்பிவிடும் என்பதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். இளம் டாக்டர் முதல் நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாம் நாள் குழாயை எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் நான் கேட்குமுன் அவரே, "ஆஜி ஆஜ் சல்லி கா?" என்றார். பாட்டி இன்று நடந்தாரா என்று அர்த்தம்.

கேட்காமல் நாமாக எழுப்பிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். எலும்பு முறிவு, பிரஷர் மிகவும் இறங்கிய நிலை, சில இருதயக் கோளாறுகள் என்று படுக்கத்தான் வேண்டிய சமயங்களும் உண்டு. அந்த ஊசி மருந்து இல்லாவிட்டால் 2022லேயே அம்மா போயிருப்பார் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று யாராவது இதைப் படித்துவிட்டு முடிவு செய்தால் அது என் எழுத்தின் குற்றம்.

சாப்பாட்டை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் கொடுத்தோம். ஆஸ்பத்திரி கிச்சடி இறங்கவில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு வீட்டிலிருந்து ரசம் சாதமும் முட்டையும் போயிற்று. பாத்ரூமுக்கு வாக்கரில் நடத்தியே அழைத்துப் போனோம். நாளுக்கு ஆறேழு தடவை, அதுவே உடற்பயிற்சி. பகலில் என் மனைவி. மாலையில் நம் சங்கத்து நண்பர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஊர்ப் பேச்சு பேசினார், ஒருவர் செய்தித்தாள் வாசித்தார். ராத்திரி நான். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, "இது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிற்று. "ஸ்டேஷன் இல்லம்மா, ஆஸ்பத்திரி. டோம்பிவிலி. நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றேன். "சரிலே" என்று திரும்பிப் படுத்துவிட்டார். அவ்வளவோடு போயிற்று. ஐந்தாம் நாள் வாக்கர் பிடித்து, தாமே நடந்து, லிஃப்டில் இறங்கி வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் கவனம் வேண்டும். அமெரிக்காவில் அரசு காப்பீட்டில் உள்ள முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், வீடு திரும்பிய முப்பது நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று ஹார்லன் கிரம்ஹோல்ட்ஸ் என்ற டாக்டர் 2013இல் எழுதினார். அதுவும் பெரும்பாலும் வேறு ஏதோ நோய்க்காக. தூக்கமின்மையும் அரைப்பட்டினியும் படுக்கையும் சேர்ந்து உடம்பை அப்படித் தளர்த்திவிடுகின்றன என்பது அவர் கருத்து. பழைய மாத்திரைப் பெட்டியையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்து, எது நின்றது எது சேர்ந்தது என்று டாக்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நம் சங்கத்தில் இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். கல்யாண், டோம்பிவிலி, தானே பக்கம் உள்ள தமிழ்ப் பெரியவர்கள் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், குடும்பத்தார் விரும்பினால், ஒரு மணி நேரம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். நோயாளியைத் தூக்குவதோ மருந்து கொடுப்பதோ எங்கள் வேலை இல்லை. கண்ணாடியை எடுத்துக் கொடுப்பது, தேதி சொல்வது, ஊர்க்கதை பேசுவது, தண்ணீர் குடிக்கச் சொல்வது. இதுவரை நாலு பேருக்குப் போயிருக்கிறோம். மாலை நேரத்துக்கு ஆள் தாராளமாக இருக்கிறது. ராத்திரி முறைக்குத்தான் இரண்டே பேர். அம்மாவுக்கு இப்போது 89 நடக்கிறது. நான் இந்த நோட்டை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் ராத்திரி ஒறக்கமே வாரதில்லையே, எம்பேரையும் எழுதிக்கோலே" என்கிறார்.